ஸ்டன் கன்: தோட்டாவுக்குப் பதிலா, லத்திக்குப் பதிலா?



பி.காம். படிக்கிறவனுக்கு போலீஸ் ஆயுதத்தைப் பற்றி எழுத என்ன வந்தது என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் கணக்குப் புத்தகத்தில்தான் வந்து நிற்பேன் :-)

எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் போனால் டீக்கடையிலும் கேன்டீனிலும் ஒரு யோசனை கட்டாயம் வரும். "வெளிநாட்டு போலீஸ் மாதிரி கரண்ட் ஷாக் துப்பாக்கி கொடுத்துவிடலாமே? ஆள் விழுவான், ஆனா சாக மாட்டான்." கேட்டவுடன் சரி என்றுதான் தோன்றும். உயிர் மிச்சம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் இதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த மின்சாரத் துப்பாக்கி எதற்குப் பதிலாக வரப்போகிறது? தோட்டாவுக்குப் பதிலாகவா, லத்திக்குப் பதிலாகவா? இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். ஒன்றே அல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கு அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்னால் நம் ஊர் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடலாம்.

முதலில், அது என்ன கருவி?

ஸ்டன் கன் வகையில் உலகம் முழுக்கப் பிரபலமானது 'டேசர்'. ஜாக் கவர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970களில் உருவாக்கியது. சிறு வயதில் அவர் ரசித்த, 1911-இல் வந்த 'டாம் ஸ்விஃப்ட்டும் அவனது மின்சாரத் துப்பாக்கியும்' என்ற சாகசக் கதையிலிருந்துதான் அந்தப் பெயர் பிறந்தது.

விசையை அழுத்தினால் தூண்டில் முள் போல இரண்டு சின்ன ஊசிகள் மெல்லிய கம்பியோடு பாய்ந்து உடம்பில் குத்தும். கம்பி வழியாக மின்துடிப்புகள் போகும். தசைகள் இறுகி, நினைத்தபடி கைகால் அசைக்க முடியாமல் ஆள் விழுந்துவிடுவார். போலீஸ் பயன்படுத்தும் மாடல்களில் ஒரு முறை அழுத்தினால் பொதுவாக 5 விநாடி. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அதற்கு மேலும் ஓடும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. ஊசியே இல்லாமல், கருவியின் முனையை நேராக உடம்பில் வைத்து அழுத்துவது. இதில் ஆள் செயலிழந்து விழ மாட்டார். வலி மட்டும்தான். இந்த 'வலி மட்டும்' என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டி, அண்ணாந்தாள்: 1855

இப்போது 170 வருடம் பின்னால் போவோம். அன்று சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பவரும் போலீஸ் வேலை பார்ப்பவரும் ஒரே ஆட்கள்தான். தாசில்தார், அவருக்குக் கீழே சேவகர்கள். வரி கட்டாத விவசாயியிடமும் திருட்டுச் சந்தேகம் விழுந்தவனிடமும் அவர்கள் கையாண்ட வழிகள் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் 1854-இல் கேள்வி எழுந்தது. அதன் பிறகு சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். அதன் அறிக்கை 1855-இல் வந்தது. 'சென்னை மாகாணச் சித்திரவதைக் கமிஷன்' என்று வரலாற்றுப் புத்தகங்களில் பார்க்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். பலர் வெகு தூரம் நடந்தே வந்து சொன்னார்கள்.

அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி: விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள்: கழுத்துக்கும் கால் விரலுக்குமாகக் கயிறு போட்டு, ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது.

இரண்டிலும் ஒரு 'வசதி' இருந்தது. வலி அதிகம், தடயம் குறைவு. கயிறு அவிழ்த்து ஒரு வாரம் ஆகிவிட்டால் துரை முன்னால் காட்ட விவசாயியிடம் என்ன இருக்கும்?

கமிஷனுக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரித்து 1859-இல் சென்னை போலீஸ் சட்டம் கொண்டுவந்தார்கள். நாம் இன்று பார்க்கும் காவல்துறையின் அடித்தளம் அதுதான். இரண்டாவது, போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி. 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக நிலைத்து, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

எனக்கு இந்த இரண்டாவது விதி ரொம்பப் பிடிக்கும். காரணம், அது கிட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் லாபம் இல்லை என்று ஆக்கியது, அவ்வளவுதான். எங்கள் பாடத்தில் சொல்வது போல, ஒரு சரக்குக்குச் சந்தையில் விலை இல்லை என்றால் அதைத் தயாரிக்க ஆள் வர மாட்டான். ஆனால் ஒரு ஓட்டை விட்டுவிட்டார்கள். கைதி சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும் (பழைய 27-ஆம் பிரிவு). அதனால் 'நகை எங்கே?' என்ற கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் விலை இருக்கிறது.

தோட்டாவுக்குக் கணக்கு உண்டு

அடுத்து துப்பாக்கி. 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். சுமார் 10 நிமிடம் சுட்டார்கள். 1650 ரவுண்டு. அரசுக் கணக்கில் 379 பேர் இறந்தார்கள் (உண்மையில் இன்னும் அதிகம் என்பது பலருடைய கருத்து).

1650 என்று எப்படித் தெரியும்? இறந்தவர்களின் எண்ணிக்கையிலேயே சண்டை இருக்கும்போது தோட்டா எண்ணிக்கை மட்டும் எப்படி இவ்வளவு திட்டமாக இருக்கிறது? பதில் எளிது. தோட்டா அரசாங்கச் சொத்து. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், செலவழித்ததை எழுத வேண்டும். மனிதனுக்கு இல்லாத பதிவேடு தோட்டாவுக்கு இருந்தது!

அதற்கு அடுத்த வருடமே நம் மதுரை மாவட்டத்தில் ஒரு சம்பவம். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3. பிறமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதியச் சொன்னார்கள். மக்கள் மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். ஜாலியன்வாலாபாக் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்குப் பெருங்காமநல்லூர் தெரியாது என்பது தனி வருத்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் துப்பாக்கி ஓயவில்லை. 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஏறக்குறைய நம் வயது.

சரியாக இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 10 அன்று, உலகத்தின் மறுபக்கத்தில் அமெரிக்காவின் செல்மா நகரம். வாக்குரிமை கேட்டு நின்ற கறுப்பின மாணவர்களை ஷெரீஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் ஊருக்கு வெளியே மைல் கணக்கில் ஓட வைத்தார்கள். கையில் தடி, கூடவே மாடு ஓட்டும் மின்சாரக் கோல். டேசரின் தாத்தா என்று அதைச் சொல்லலாம்.

செல்மாவில் அன்று யாரும் சாகவில்லை. அப்படியானால் சிதம்பரத்தைவிட செல்மா பரவாயில்லை என்று சொல்லிவிடலாமா? உயிர்க்கணக்கு மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் அந்த மின்சாரக் கோல் அங்கே துப்பாக்கிக்குப் பதிலாக வரவில்லை. அந்தப் பிள்ளைகளைச் சுட வேண்டும் என்று ஒருவருக்கும் அவசியம் இருந்ததில்லையே! மின்சாரக் கோல் கையில் இருந்ததால்தான் அவர்களை மாடு மாதிரி ஓட்ட முடிந்தது. ஒரு உயிரையும் அது மிச்சப்படுத்தவில்லை. கூடுதலாக ஒரு கொடுமையைச் சேர்த்தது.

லத்திக்குக் கணக்கே இல்லை

'சாகடிக்காத ஆயுதம்' என்ற சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சாட்சி தாமிரபரணி. 1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினைக்காகவும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கச் சொல்லியும் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். பெண்கள் இருந்தார்கள், கைக்குழந்தையும் இருந்தது. பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள்.

பெருங்காமநல்லூரில் துப்பாக்கி எடுத்த உயிர்களைவிட இங்கே தடியடி எடுத்த உயிர்கள் அதிகம். எத்தனை தோட்டா என்று கேட்டால் ஆயுதக் கிடங்கின் பதிவேட்டைப் பார்க்கலாம். எத்தனை அடி என்று கேட்டால்? லத்திக்குப் பதிவேடு கிடையாது.

காஷ்மீரிலும் இதே கதை வேறு மாதிரி நடந்தது. 2010-இல் துப்பாக்கிச் சூட்டில் இளைஞர்கள் பலர் இறந்தபோது, உயிர் போகாமல் கூட்டத்தைக் கலைக்க என்று பெல்லட் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். 2016-இல் அதே பெல்லட் நூற்றுக்கணக்கானவர்களின் கண்ணைக் காயப்படுத்தியது. பலருக்குப் பார்வை போனது. 'சாக மாட்டான்' என்ற நம்பிக்கை விசையில் இருக்கும் விரலை எவ்வளவு லேசாக்கிவிடுகிறது பாருங்கள்.

தூத்துக்குடி: ஸ்டன் கன் இருந்திருந்தால்?

2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். 13 பேர் உயிரிழந்தார்கள். 'டேசர் கொடுங்கள்' என்ற குரல் அதிகம் கேட்பது இந்தப் பெயரைச் சொல்லும்போதுதான். அதனால் நேராகவே கேட்போம். அன்று போலீஸ் கையில் டேசர் இருந்திருந்தால் அந்த 13 பேர் பிழைத்திருப்பார்களா?

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக்கான அவசியம் இருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, எல்லாம் தோற்றால்தான் துப்பாக்கி என்ற படிகளை முறையாகப் பின்பற்றவில்லை என்பதும் அறிக்கையின் குற்றச்சாட்டு.

ஆக, அன்று குறைந்த பலமுள்ள வழிகள் இல்லாமல் போகவில்லை. கண்ணீர்ப்புகை இருந்தது, லத்தி இருந்தது. அவற்றை வரிசையாகப் பயன்படுத்தும் ஒழுங்குதான் இல்லை. ஏணியில் கால் வைக்காமல் மாடியில் குதிப்பவனுக்கு ஏணியில் இன்னொரு படி சேர்த்துக் கொடுத்து என்ன பயன்? அது மட்டுமல்ல, டேசர் சில மீட்டர் தூரத்துக்குத்தான் போகும். ஒரு முறைக்கு ஒரு ஆள்தான். ஆயிரக்கணக்கான கூட்டத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால் மிச்சப் பேர் மிரண்டு ஓடுவார்கள். ஓடும் வழியில் ஆறு இருந்தால் அது தாமிரபரணி.

வெளிநாட்டுப் பாடம்

சரி, இதை வைத்திருக்கும் நாடுகளில் என்ன நடந்தது?

2007 அக்டோபர் 14, கனடாவின் வான்கூவர் விமான நிலையம். போலந்திலிருந்து வந்த ராபர்ட் ஜெகான்ஸ்கி என்பவர் மொழி தெரியாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் அங்கேயே மாட்டிக்கொண்டு, பதற்றத்தில் பொருட்களைத் தூக்கி எறிந்தார். வந்த நான்கு போலீஸ்காரர்கள் சில விநாடிகளிலேயே டேசரை எடுத்தார்கள். மொத்தம் ஐந்து முறை. அவர் கையில் இருந்தது ஒரு ஸ்டேப்ளர்! அங்கேயே இறந்தார். நீதிபதி பிரெய்ட்வுட் தலைமையிலான விசாரணை, அந்தப் பலப்பிரயோகம் நியாயமில்லை என்றது. விசாரணையில் பொய் சொன்னதற்காகப் பின்னால் இரண்டு அதிகாரிகள் தண்டனை பெற்றார்கள்.

2023 மே மாதம் ஆஸ்திரேலியாவின் கூமா ஊர் முதியோர் இல்லத்தில் 95 வயதுப் பாட்டி, கையில் ஒரு கத்தியோடு, நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்தபடி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார். போலீஸ்காரர் டேசரை இயக்கினார். பாட்டி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். 2024-இல் அந்தப் போலீஸ்காரர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. யோசித்துப் பாருங்கள், அவர் கையில் துப்பாக்கி மட்டும் இருந்திருந்தால் அந்தப் பாட்டியைச் சுட்டிருப்பாரா? நிச்சயம் மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருப்பார்.

ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் டேசர் பட்ட பிறகு நிகழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களைத் தொகுத்தது. எல்லாவற்றுக்கும் டேசர்தான் காரணம் என்று அர்த்தமில்லை. போதை மருந்து, இதயக் கோளாறு, கீழே விழுந்த அடி என்று பல இருக்கும். பிரேதப் பரிசோதனையில் டேசரைக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ குறிப்பிட்டவை 153. ஆகவே 'சாகவே மாட்டான்' என்பதும் பொய், 'தொட்டால் சாவு' என்பதும் பொய். துப்பாக்கியோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு. வாய்ப்பேச்சோடு ஒப்பிட்டால் ஆபத்து மிக அதிகம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

போலீஸ்காரர் பக்கமும் பார்க்கணும்

ஒரு பக்கமாகவே பேசினால் நியாயம் இல்லை. 2021 நவம்பர் 21 அதிகாலை. திருச்சி நவல்பட்டு காவல்நிலையச் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், ஆடு திருடியவர்களை இருட்டில் தனி ஆளாக பைக்கில் துரத்திப் போய் கீரனூர் அருகே மடக்கினார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்று காவலர்களிடம் சொன்னார்.

என்னைக் கேட்டால் ஸ்டன் கன்னுக்கு இருக்கும் உண்மையான இடம் இந்த மாதிரி இருட்டுச் சாலைதான். எதிரில் அரிவாள். சுட்டால் ஒரு சிறுவன் சாவான், சுடாவிட்டால் காவலர் சாவார். இரண்டு உயிரும் பிழைக்க ஒரு வழி இருக்குமானால் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மனநலம் பாதித்த ஒருவர் கத்தியோடு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டால், தன் கழுத்திலேயே ஒருவர் பிளேடு வைத்துக்கொண்டால், அங்கேயும் இதே கணக்குத்தான்.

இங்கெல்லாம் அது தோட்டாவுக்குப் பதிலாக வருகிறது. அதற்கு நான் முழு ஆதரவு.

காயம்தான் சாட்சி

ஆனால் காவல்நிலையத்துக்குள்? இங்கேதான் 1855-இன் கிட்டி எனக்கு ஞாபகம் வருகிறது.

2020 ஜூன், சாத்தான்குளம். ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததை அறிக்கையில் எழுதினார். அங்கேயே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். கேமராப் பதிவோ நாள்தோறும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது.

2025 ஜூன், சிவகங்கை மாவட்டம் மடப்புரம். நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்கு அழைத்துப் போன கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். உயர்நீதிமன்றமே அதிர்ந்து கேள்வி கேட்டது. (மறுபடியும் 'நகை எங்கே?' என்ற அதே கேள்வி. 27-ஆம் பிரிவின் ஓட்டை எவ்வளவு பெரியது பாருங்கள்.)

இரண்டு வழக்கையும் நீதிமன்றம் வரை கொண்டுவந்தது எது? காயம். இரத்தக் கறை. லத்தி குரூரமானதுதான், ஆனால் அது தன் கையெழுத்தை உடம்பில் போட்டுவிட்டுப் போகிறது. முனையை நேராக வைத்து அழுத்தும் ஸ்டன் கன் விட்டுப்போவது இரண்டு சின்னச் சிவப்புப் புள்ளிகள். சில நாளில் அதுவும் மறையும். 2007-இல் போர்ச்சுகல் போலீஸ் டேசர் வாங்கியதைப் பற்றிப் பேசும்போது, ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழு அந்த வலி ஒருவகைச் சித்திரவதை என்றே சொன்னது. விசாரணை அறைக்குள் ஸ்டன் கன்னை அனுமதிப்பது, நம் முன்னோர் நடந்தே வந்து புகார் கொடுத்து ஒழித்த கிட்டியை பேட்டரி போட்டுத் திருப்பிக் கொடுப்பது போல.

அப்படியானால் எப்போது அனுமதிக்கலாம்?

சட்டம் ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருக்கிறது. கைது செய்யும்போது தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமை கிடையாது. பழைய சட்டத்தின் 46-ஆம் பிரிவு இது, புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 43. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால்தான் துப்பாக்கி என்று 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகளும் சொல்கின்றன. பிரெய்ட்வுட் விசாரணையும், ஒருவர் பிறருக்குக் காயம் ஏற்படுத்துகிறார், அல்லது உடனே ஏற்படுத்தப் போகிறார் என்றால் மட்டுமே, பேசிப் பார்த்தும் பயனில்லை என்றால் மட்டுமே டேசர் என்று வரையறுத்தது.

இதையெல்லாம் வைத்து என் பட்டியல்:

1. எதிரில் இருப்பவரால் ஒரு உயிருக்கோ உடலுக்கோ கண்ணெதிரே பெரிய ஆபத்து இருக்க வேண்டும். 'சொன்னதைக் கேட்கவில்லை', 'எதிர்த்துப் பேசினான்', 'ஓடினான்' எதுவும் காரணம் ஆகாது.

2. உட்கார்ந்திருப்பவர் மீது கூடாது. 2024 செப்டம்பரில் நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் கைது செய்து வண்டியில் ஏற்றியது. அந்தக் கைதுகள் சரியா தவறா என்பது வேறு விவாதம். எழுந்திருக்க மறுப்பவரைத் தூக்க நான்கு பேர் வேண்டும், நேரம் ஆகும். அந்தச் சிரமம் இருப்பதே நல்லது.

3. கூட்டத்தின் மீது கூடவே கூடாது. ஆறு, குளம், மாடி, பெட்ரோல் பக்கத்திலும் கூடாது.

4. கைவிலங்கு போட்ட பிறகும், காவல்நிலைய வாசலுக்கு உள்ளேயும் அறவே கூடாது. கருவி ரோந்து வண்டியோடு போய், ரோந்து முடிந்ததும் ஆயுதக் கிடங்குக்குத் திரும்ப வேண்டும்.

5. ஒவ்வொரு முறையும் கணக்கு.

இந்த ஐந்தாவதுதான் என் சப்ஜெக்ட். எங்கள் ஊர் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சார்ந்த ஆதுரசாலையில் 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து கொண்டுவர இத்தனை பேர், அவரவருக்கு இவ்வளவு நெல், கையிருப்பில் என்னென்ன மருந்து என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவனைக் குணப்படுத்தும் செலவுக்கே அவ்வளவு கணக்கு வைத்த மண் இது. ஒருவன் மேல் மின்சாரம் பாய்ச்சுவதற்குக் கணக்கு வேண்டாமா?

நல்ல விஷயம் என்னவென்றால், இந்தக் கருவியில் கணக்கு வைப்பது லத்தியைவிட சுலபம். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை விநாடி அழுத்தினார்கள் என்பது டேசருக்குள்ளேயே பதிவாகும். பழைய மாடல்களில் சுடும்போது கார்ட்ரிட்ஜ் எண் அச்சிட்ட துணுக்குக் காகிதங்கள் தரையில் சிதறும், யாருடைய கருவி என்று பொறுக்கி எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பதிவு இருந்தால் மட்டும் போதாது. கல்லாப்பெட்டியும் தணிக்கையும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. அந்தப் பதிவு அதே காவல்நிலையத்தில் இருந்தால் சாத்தான்குளத்துக் கேமரா கதைதான். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும். ஷாக் வாங்கியவரை மருத்துவர் பார்த்து எழுதிய சீட்டும் கூடவே போக வேண்டும். பதிவு 'காணாமல் போனால்' அந்த ஷாக் சட்டவிரோதம் என்றே கருத வேண்டும். வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார், இல்லையா?

முடிவாக

ஒரே வரியில் சொன்னால், ஸ்டன் கன் தோட்டாவின் பதிவேட்டில் ஏற வேண்டும், லத்தியின் அலமாரியில் சேரக் கூடாது. துப்பாக்கியை உருவ நியாயம் இருக்கும் இடத்தில் அதற்குப் பதிலாக இதை எடுத்தால் உயிர் மிஞ்சும். லத்தியை ஓங்கும் இடத்திலெல்லாம் எடுத்தால் செல்மாவின் மின்சாரக் கோலுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

பூமிநாதன் மாதிரி ஒருவர் இரவு ரோந்துக்குக் கிளம்பும்போது அவர் இடுப்பில் இது இருக்கட்டும். அதே இடுப்போடு அவர் விசாரணை அறைக்குள் போகும்போது இருக்கக் கூடாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே சட்டமாக்க முடியாது என்றால், முதல் வாக்கியத்துக்காக மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பதே என் கட்சி.

உங்கள் கட்சி என்ன? குறிப்பாக போலீஸ் குடும்பத்திலிருந்து வருகிற நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த முறை சந்திப்போம்.